தாமிரபரணியிலிருந்து அஷ்டமுடிக் காயல் வரை: செங்கோட்டை வழி ரயில் பயணம்

ஜூலை 11, வெள்ளி: வாஞ்சி மணியாச்சி, திருநெல்வேலி

செங்கோட்டை வழியாக, கேரளத்தில் அஷ்டமுடிக் காயல் கரையில் இருக்கும் கொல்லத்துக்குப் போகும் ரயில் பாதையின் கதையைத் திருநெல்வேலியில் தொடங்குவார்கள். சில நிலையம் வடக்கே தள்ளி, மணியாச்சியில் தொடங்குவதே சரி. 1876-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வரை மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத்) தடம் போட்டது. அதிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு கிளை பிரிந்த இடம்தான் மணியாச்சி. பருத்தியும் கொழும்பு போகும் பயணிகளும் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்பதே அன்றைய கணக்கு. 1914-இல் பாம்பன் வழியாகத் தனுஷ்கோடிக்கு ரயில் போகும் வரை கொழும்புக் கப்பலோடு இணையும் போட் மெயில் ரயில் தூத்துக்குடிக்குத்தான் ஓடியது.

1911 ஜூன் 17 காலை, அந்த வண்டிக்கான இணைப்புக்காக இங்கே நின்ற முதல் வகுப்புப் பெட்டியில்தான் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். அவர் பிறந்த ஊர், வேலை பார்த்த ஊர், உயிர் விட்ட நிலையம் மூன்றும் இந்த ஒரே ரயில் தொடரில் இருக்கின்றன. நிலையத்துக்கு இப்போது அவர் பெயர்தான்.

சுற்றிலும் கரிசல் காடு, காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. மேற்கே மலையில் மழை கொட்டும் ஆனி மாதத்தில் இங்கே ஒரு சொட்டு விழாது. நடைமேடையில் தேநீர் 12 ரூபாய், பருப்பு வடை 8 ரூபாய். வண்டி தாமதம் என்று கேட்டதும், பெஞ்சில் சாக்கு மூட்டையோடு இருந்த பெரியவர் மூட்டையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "உக்காருங்க அண்ணாச்சி, நிக்கதுக்கா டிக்கெட் எடுத்தீய?" என்றார். தெற்கே யாரும் உட்கார இடம் கேட்க வேண்டியதில்லை.

ஜூலை 12, சனி: சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம்

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் பாசஞ்சர் கட்டணம் 20 ரூபாய். பேருந்துக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். பெட்டியில் பால் கேன், வாழைத்தார், கல்லூரிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள் என்று நிறைந்திருந்தது. இருபது ரூபாயை மிச்சம் பிடிக்கும் குடும்பங்களுக்கு இந்த வண்டி ஒரு நாள் நின்றாலும் கஷ்டம்.

தடம் துண்டு துண்டாகத்தான் வந்தது. 1902-இல் திருநெல்வேலி முதல் கல்லிடைக்குறிச்சி வரை, 1903-இல் அங்கிருந்து செங்கோட்டை வரை. முதல் துண்டு முழுக்கத் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசன நிலத்தின் ஓரமாகவே போகிறது. ஜன்னலில் மாறி மாறி வயலும் வாழையும். இங்கே ஒவ்வொரு நிலையமும் ஒரு கைத்தொழிலின் வாசல்.

சேரன்மகாதேவியில் இறங்கினால் பக்கத்தில் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை அறுத்துப் பச்சையாகக் காய வைத்து, பிறகு ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போடுகிறார்கள். ஊறிய கோரை உப்பி மெதுவாகும். அதைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து, மறுபடி உலர்த்தி, பருத்தி நூல் பாவில் நெய்தால் சாதாரணப் பாய். முடி போல மெல்லியதாகப் பிளந்து பட்டு நூல் பாவில் நெய்தால் கைக்குட்டை போல மடிக்கிற பட்டுப்பாய். தேங்கிய குட்டையில் ஊறிய கோரை கறுத்துவிடும், சாயமும் சீராக ஏறாது. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷம் பாயின் நிறத்திலேயே அது தெரியும்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். உளுந்த மாவில் உப்பும் அப்பளக்காரமும் கரைத்த தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, எண்ணெய் தொட்டு உலக்கையால் இடிக்கிறார்கள். இடி போதவில்லை என்றால் அப்பளம் பொரிக்கும்போது நடுவில் கல் போல நிற்கும். மாவு இழுத்தால் அறுந்து போகாமல் நீள வேண்டும், அதுதான் பதம். பிறகு கயிறாகத் திரித்து, நூலால் வில்லை வில்லையாக அறுத்து, தேய்த்து, உலர்த்துவது. உலர்த்துவதில்தான் இந்த மாதத்துச் சிக்கல். தெருத் திண்ணையில் பாய் விரித்து அடுக்கிக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "சாரல் காத்துல வெளிய போட்டா நமத்துப் போகும். வெயில்ல ஒரேயடியாப் போட்டா ஓரம் சுருண்டு வெடிக்கும். உள்ள ஆற வச்சு, வெயில் முகம் காட்டும்போது அஞ்சு நிமிஷம் காட்டி எடுத்துரணும்." சின்னக் கட்டு 60 ரூபாய். சுவை பார்க்கச் சொல்லி ஒன்றைச் சுட்டுக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அம்பாசமுத்திரத்தில் நிலையத்தின் அளவு ஊரைவிடப் பெரிது என்று தோன்றும். காரணம், மேற்கே பாபநாசம் அடிவாரத்தில் விக்கிரமசிங்கபுரத்து ஹார்வி ஆலை. அருவித் தண்ணீரின் விசையால் எந்திரம் ஓட்டலாம் என்று 1880-களில் அங்கே நூற்பாலை வந்தது. ரயில் வர இன்னும் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தது. பஞ்சுப் பொதியும் நூல் பொதியும் அதுவரை மாட்டு வண்டியில் போயின. தடம் வந்தபோது பொதிகளுக்கென்றே இங்கே இடம் வேண்டியிருந்தது.

மதியம் ஓட்டலில் சொதி சாப்பாடு. தேங்காயின் மூன்று பாலும் தனித்தனியாக எடுத்து, காய்கறியை மூன்றாம் பாலில் வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கியிருந்தார்கள். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். 120 ரூபாய். கல்யாண மறுவீட்டுச் சாப்பாடு இந்தப் பக்கம் ஓட்டலிலும் கிடைக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு: கீழக்கடையம், தென்காசி, செங்கோட்டை

அம்பாசமுத்திரம் தாண்டியதும் தடம் ஆற்றை விட்டு வடக்கே திரும்புகிறது. நிலம் காய்கிறது. பனையும் குளமும் மாறி மாறி வருகின்றன, மலை பக்கத்தில் வந்துவிடுகிறது.

கீழக்கடையத்தில் எதிர்வண்டிக்காக இருபது நிமிஷம் நின்றது. ஒற்றைத் தடத்தில் இது தவிர்க்க முடியாதது. ஒரு நிலையத்தில் பத்து நிமிஷம் பிந்தினால், அந்தப் பிந்தல் அடுத்தடுத்த சந்திப்புகளில் எதிரே வரும் எல்லா வண்டிக்கும் தொற்றும். எதிரெதிர் வண்டிகள் ஒதுங்கும் சந்திப்புத் தடம் எத்தனை நிலையத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்ததுதான் ஒரு நாளைக்கு ஓட்டக்கூடிய வண்டிகளின் எல்லை. கூடுதல் வண்டி கேட்கும் மனுக்கள் பலவும் இந்தக் கணக்கில்தான் முட்டி நிற்கின்றன.

நின்ற நேரத்தில் எதிர் இருக்கைப் பெண் தூக்குவாளியைத் திறந்து எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார். கடையம் பாரதியாரின் மனைவி செல்லம்மாவின் ஊர். புதுச்சேரியை விட்டு வெளியேறிக் கைதாகி விடுதலையான பிறகு, 1918 கடைசியிலிருந்து 1920 வரை பாரதி இங்கேதான் இருந்தார்.

பாவூர்ச்சத்திரத்தில் காய்கறிச் சந்தையின் தகரக் கூரை ரயிலிலிருந்தே தெரியும். கேரள வியாபாரிகள் வாங்கும் கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம் எல்லாம் லாரியில், எல்லையிலுள்ள புளியரை மலைச்சாலை வளைவுகளைத் தாண்டிப் போகிறது. பக்கத்திலேயே தடம் இருந்தும் ஒரு கூடை ரயிலில் ஏறுவதில்லை. ஒரே வியாபாரிக்குச் சேர வேண்டிய நூறு மூட்டையை வாசல் வரை கொண்டு இறக்குவது லாரிக்கு எளிது. ரயிலில் இரண்டு முறை ஏற்றி இறக்க வேண்டும்.

தென்காசியில் இறங்கியதும் சாரல். தூவானம் போல மெல்லியது, ஆனால் சட்டை பத்து நிமிஷத்தில் ஈரம். மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவரில் ஆரியங்காவில் ஒரு தாழ்ந்த கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் கிழக்கே புகுந்து குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சாரலைத் தருகிறது. பழைய வணிகப் பாதையும், சாலையும், ரயிலும் மலையைக் கடக்கத் தேர்ந்தெடுத்தது அதே இடைவெளியைத்தான்.

எட்டு கிலோமீட்டரில் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் (பிறகு திருவிதாங்கூர்–கொச்சி) ஊர். சாலையில் நிற்கும் பழைய நுழைவு வளைவில் சமஸ்தானத்தின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் கணவாய்க்குக் கிழக்கே இருந்த பகுதி நெல்லை மாவட்டத்தில் சேர்ந்தது, ஆரியங்காவு அந்தப் பக்கமே நின்றது. எல்லை வந்த பிறகும் பெண் கொடுத்து எடுப்பது குறையவில்லை. அந்தப் போக்குவரத்தை நடத்தியது ரயில்தான்.

இரவுக்கு எல்லைச் சாலையோரத்துப் பரோட்டா. கல்லில் இருந்து எடுத்த சூட்டிலேயே நான்கைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுகிறார்கள். அடுக்கு விரிவது அந்தத் தட்டில்தான், ஆறிய பிறகு தட்டினால் நொறுங்கும். நாட்டுக்கோழி வறுவலோடு இருவருக்கு 420 ரூபாய். விடுதியில் துணி காயவில்லை. மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்கப் போட்டும் ஈர வாடை போகவில்லை.

ஜூலை 14, திங்கள்: மலைப்பாதை

இந்தப் பயணத்தில் நின்று எழுத வேண்டிய நாள் இதுதான்.

திருவிதாங்கூருக்கு 1904 வரை ரயில் கிடையாது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி, திருவிதாங்கூர் சமஸ்தானம், சென்னை மாகாண அரசு மூன்றும் சேர்ந்து கொல்லம் துறைமுகத்தைத் திருநெல்வேலியோடு இணைக்க முடிவு செய்தன. கொல்லம்–புனலூர் 1904 ஜூனில் திறந்தது, மலையைத் தாண்டிச் செங்கோட்டை வரை அதே வருஷம் நவம்பரில். எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வழியாக வந்த தடம் கொல்லத்தைத் தொட்டது 1958 ஜனவரியில். ஆக, ஐம்பது வருஷத்துக்கு மேல் கொல்லத்துக்கும், 1918-இல் ரயில் போய்ச் சேர்ந்ததிலிருந்து திருவனந்தபுரத்துக்கும், வெளியுலகத்தோடு இருந்த ஒரே ரயில் வழி செங்கோட்டைதான். அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு ரயிலேறிய ஒவ்வொருவரும் இந்தக் குகைகள் வழியாகத்தான் போனார்கள்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் ஏறக்குறைய 49 கிலோமீட்டர். நடுவில் ஐந்து குகைகள். மிகக் கடினமான சரிவில் ஏறக்குறைய 40 மீட்டருக்கு 1 மீட்டர் உயரம். சாலையில் இது ஒன்றுமில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் தேடும்போது, அதுவும் மழை ஈரத்தில், மிக அதிகம். அதனால்தான் வண்டியின் பின்னால் இன்னொரு என்ஜினைக் கோக்கிறார்கள். பாங்கர் என்று சொல்வார்கள்.

ஏறும்போது முன்னால் ஒரே என்ஜின் இழுத்தால் முழு வண்டியின் எடையும் முதல் பெட்டியின் கொக்கியில் தொங்கும். பின்னாலிருந்து தள்ளினால் சுமை இரண்டாகப் பிரியும். இறங்கும்போது இரண்டாவது என்ஜினின் பிரேக்கும் கைகொடுக்கும். இரண்டு ஓட்டுநரும் ஒரே கையாக இயங்க வேண்டும். முன்னவர் இழுக்கும் முன் பின்னவர் தள்ளிவிட்டால் வளைவில் பெட்டிகள் ஒன்றையொன்று நெருக்கி வெளியே பிதுங்கப் பார்க்கும், தடம் புரள்வது அப்படித்தான். வாக்கிடாக்கியும் விசில் குறிகளும் அதற்காகத்தான். கிளம்பும் முன் பிரேக் குழாயில் காற்றழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ, கடைசிப் பெட்டி வரை போய்ச் சேர்கிறதா என்று சோதிக்கிறார்கள். நடுவில் ஒரு குழாய் அடைத்திருந்தால் அதற்குப் பின்னால் உள்ள பெட்டிகளுக்குப் பிரேக்கே இல்லை என்று பொருள். இத்தனைக்கும் மேல், கட்டுமீறி உருண்டு வரும் வண்டியைத் திருப்பிவிட மேல்நோக்கி ஏறும் தனித் தடங்கள் மலைப்பாதையில் உண்டு. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்தான். அதைத் தாமதம் என்று திட்டுகிறவர்கள் ஒரு முறை பகலில் போய்ப் பார்க்க வேண்டும்.

மதுரை–குருவாயூர் வண்டி பகலில் மலை ஏறுவதால் அதில்தான் ஏற வேண்டும். பாலருவி எக்ஸ்பிரஸ் இரவில் கடக்கிறது, ஒன்றும் தெரியாது.

பகவதிபுரம் தமிழ்நாட்டின் கடைசி நிலையம். அதைத் தாண்டிப் பெரிய குகை, நீளம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். உள்ளே போகும்போது சாரலோடு வெயில், வெளியே வரும்போது கனமழை. ஜன்னல் கதவை இறக்கும் முன் இருக்கை நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவர்கள் தங்கள் துண்டைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லிவிட்டு, நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள்.

ஆரியங்காவு சாஸ்தா கோயிலில் மார்கழியில் திருக்கல்யாணம் நடக்கும். பெண் வீட்டார் மதுரைச் சௌராஷ்டிரர்கள். மதுரையிலிருந்து சம்பந்தி முறையில் மலையேறி வருகிற வழக்கம் இன்றும் நடக்கிறது.

கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம், கருங்கல் தூண்கள், பக்கத்திலேயே தேசிய நெடுஞ்சாலை. ரயிலில் போகும்போது பாலம் தெரியாது, நாம்தான் அதன் மேல் இருக்கிறோம். பார்க்க வேண்டுமானால் தென்மலையில் இறங்கிப் பேருந்தில் திரும்பி வர வேண்டும். மழையில் நிலையத்திலிருந்து சாலைக்கு இறங்கும் வழி பாசி பிடித்து வழுக்கும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. புல்லில் அட்டை உண்டு. ஒரு பொட்டலம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள். உப்பு பட்டால் அட்டை தானே விழும்.

மீட்டர் கேஜின் அகலம் 1000 மில்லிமீட்டர், அகலப்பாதை 1676. பெட்டியும் அகலமாக, உயரமாக ஆகிறது. அதனால் 2010 செப்டம்பரில் இந்தப் பகுதியை அகலப்பாதையாக்க மூடிய பிறகு குகைகளைப் பெரிதாக்க வேண்டியிருந்தது, பாலங்களை வலுப்படுத்த வேண்டியிருந்தது, சரிந்து விழும் மண் வெட்டுகளுக்குச் சுவர் கட்ட வேண்டியிருந்தது. மறுபடி முழுமையாக ஓடியது 2018-இல். ஏழரை வருஷம். இடையில் வளர்ந்த பிள்ளைகள் பேருந்துக்கும் பைக்குக்கும் பழகிவிட்டார்கள். தேநீர்க்கடைக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர், "வண்டி இருந்தப்போ காலைல நூறு சாயா போகும் அண்ணாச்சி, நிறுத்தம் குறைஞ்சதும் கடையும் ரோட்டுக்கு வந்துடுச்சு" என்றார். மீட்டர் கேஜ் பாசஞ்சர்கள் எல்லா நிலையத்திலும் நின்றன. இன்றைய விரைவு வண்டிகள் அப்படி நிற்பதில்லை. இரண்டு முனைகளுக்கும் வசதி கூடியிருக்கிறது, நடுவில் உள்ள இடப்பாளையம், ஒற்றக்கல் போன்ற ஊர்களுக்குக் குறைந்திருக்கிறது. காலையும் மாலையும் செங்கோட்டை–கொல்லம் இடையே எல்லா நிலையத்திலும் நிற்கும் ஒரு சோடிப் பகல் வண்டி வேண்டும். இவ்வளவு செலவழித்துக் குடைந்த மலையில் அது நியாயமான கோரிக்கை.

ஜூலை 15, செவ்வாய்: புனலூர்

காலைப் பலகாரம் புட்டும் கடலைக்கறியும், 60 ரூபாய். பழம்பொரி 12. மழை விடவே இல்லை.

கல்லடை ஆற்றின் மேல் தொங்குபாலம், 1877-இல் கட்டி முடித்தது, ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளரின் வேலை. ரயிலுக்கு முந்திய காலத்தில் செங்கோட்டைக்குப் போன வண்டிப் பாதை இதன் மேல்தான் போனது. இரு கரையிலும் கல் கோபுரம், அதற்குள் கிணறு; சங்கிலிகளின் நுனியைக் கிணற்றுக்குள் நங்கூரமிட்டிருக்கிறார்கள். இப்போது நடந்து போக மட்டும். காகித ஆலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது, மூங்கிலும் புல்லும் மலையில் கிடைத்ததால். ரயில் இந்த ஊரை உருவாக்கவில்லை, ஏற்கெனவே இருந்த தொழிலைத் தேடி வந்தது.

ஜூலை 16, புதன்: கொட்டாரக்கரை, குண்டறை, கொல்லம்

கொட்டாரக்கரை கணபதி கோயிலின் உண்ணியப்பம் சூடாகக் கிடைத்தால் நிறுத்தாமல் சாப்பிடலாம். அரிசி மாவில் வாழைப்பழமும் வெல்லமும் சேர்த்து நெய்யில் சுட்டது. குண்டறை 1809-இல் திருவிதாங்கூரின் தளவாய் (தலைமை அமைச்சர்) வேலுத்தம்பி ஆங்கிலேயருக்கு எதிராக அறிக்கை விட்ட இடம். கிளிகொல்லூர் வந்ததும் முந்திரி ஆலைகள். சுட்ட முந்திரித் தோட்டின் காரம் கலந்த வாசனை பெட்டிக்குள் வரும்.

கொல்லம் சந்திப்பின் நடைமேடை 1180.5 மீட்டர், உலகின் மிக நீளமானவற்றில் ஒன்று. ஒரு முனையில் இறங்கி மறுமுனைக்கு மழையில் நடப்பது பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும், பெட்டி எண்ணை முன்பே பார்த்து நில்லுங்கள். மதியம் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் 110 ரூபாய். குழம்பில் குடம்புளி, நெல்லைக்காரர் நாக்குக்கு முதல் வாய் புளிப்பு தூக்கலாகத் தெரியும், மூன்றாம் வாயில் பழகும். இலையில் குழம்பு தீர்ந்ததைப் பார்த்துக் கேட்காமலே ஊற்றிவிட்டுப் போனார் பரிமாறியவர்.

திரும்புவதற்குச் சென்னை எழும்பூர் வண்டி நண்பகலை ஒட்டிக் கிளம்புகிறது, மலையை வெளிச்சத்தில் ஏறும். முன்பு இந்தப் பாதையில் 14 பெட்டிக்கு மேல் அனுமதியில்லை, சோதனை ஓட்டங்களுக்குப் பிறகு 18 ஆக்கினார்கள். அப்படியும் முன்பதிவில்லாப் பெட்டியில் புனலூருக்கு முன்பே இடம் நிரம்பிவிடுகிறது. புனலூரில் பாங்கர் கோக்கும் நேரத்தில் நடைமேடைக் கடையில் சாயா குடித்துவிடலாம். செங்கோட்டையில் அதைக் கழற்றும் வரை அடுத்த கடை கிடையாது.